டிசம்பர் தாளில் தாய்லாந்து

புது அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வருமே... பிளாஸ்டிக்கும் மெழுகுத்தாளும் கலந்தது. அமீரகத்தின் அல் ஐனில் ஒரு கட்டட சைட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்த நாட்களில் எனக்கு அதுதான் காலைக் காபி.

வருவதெல்லாம் ஒரு ஜப்பான் கம்பெனியின் சர்க்யூட் பிரேக்கர்கள். பெயர் வேண்டாம். எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் பொருளைக் கவிழ்த்து 'மேட் இன் ஜப்பான்' இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்போது கல்ஃபில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. லீவுக்குக் கொண்டுபோகும் அயர்ன் பாக்ஸைக்கூடக் கடையிலேயே கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவோம். டூப்ளிகேட் அவ்வளவு.

ஒருநாள் துபாய் தேரா பஜார் கடையிலிருந்து வந்த லோடில் 'மேட் இன் தாய்லாந்து' என்று இருந்தது.

கொண்டு வந்தவன் எங்கள் பிக்கப் டிரைவர் முருகேசன். சிவகங்கைப் பக்கம். ரூமில் எனக்கு மேல் கட்டில் அவனுடையது.

"ஜப்பான் சாமான் எங்கடா?"

"கடையில குடுத்ததத்தாண்ணே கொண்டாந்தேன். வழியில எங்கயும் நிறுத்தல."

நான் கேட்காமலே இதை ஏன் சொல்கிறான்? சந்தேகம் அங்கேதான் பிடித்தது. அந்த வாரம் அவன் கையில் புது மொபைல் வேறு. கடைக்குப் போன் போட்டால், "ஒரிஜினல்தான் பாய்" என்றார்கள். சரிதான், கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் டூட்டிக்குப் போனபோது அவன் சூட்கேஸைக்கூடத் திறந்து பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மூன்று சட்டை, அவன் அக்கா கொடுத்துவிட்ட ஊறுகாய். அப்போதும், எங்கேயோ பதுக்கிவிட்டான் என்றுதான் தோன்றியது.

சரக்கை மாற்றிவிட்டான் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். லோடை ரிஜெக்ட் என்று மூலையில் தள்ளினோம். மேனேஜர் ஒரே வார்த்தையில், "கலாஸ்" என்றார், அதாவது கதை முடிந்தது. பத்தே நாளில் விசா கேன்சல். கிளம்பும்போதுகூட ஸ்டோர் வாசலில் நின்று, "வர்றேண்ணே" என்றான். நான் ரேக்கில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஸ்டோர் சுவரில் அந்த ஜப்பான் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அந்த வருடம் மாதத்துக்கு ஒரு படமாக அவர்களுடைய வரலாறு. ஜனவரியில் ஒரு தகரக் கொட்டகை... அண்ணன் தம்பி இருவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார்கள். அப்புறம் முதல் மின்விசிறி, போரில் எரிந்த தொழிற்சாலை, அதை மறுபடி கட்டியது, கப்பலேறும் பெட்டிகள். ஒவ்வொரு மாதமும் ரசித்துப் படிப்பேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, நவம்பர் தாளைக் கிழித்தேன்.

தாய்லாந்தில் அவர்களுடைய புதுத் தொழிற்சாலை. வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பிரேக்கர் பூட்டுகிறார்கள். என் ஸ்டோர் மூலையில் கிடந்த அதே பிரேக்கர். இனி வளைகுடாவுக்கு இங்கிருந்துதான் சரக்கு வரும் என்று கீழே இரண்டு வரி.

அத்தனை சாமானையும் கவிழ்த்துப் பார்த்தவன், தலைக்கு மேல் தொங்கியதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மூலையில் கிடந்த லோடை எடுத்து மாட்டிய பிறகு, அவன் ஊர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அதெல்லாம் மாட்டிட்டீங்களாண்ணே?"

"மாட்டியாச்சுப்பா."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"சரிண்ணே." போனை வைத்துவிட்டான்.

இப்போது குடும்பத்தோடு துபாயில் இருக்கிறேன். போன வாரம் புது மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தேன். "அப்பா, நோபடி கேர்ஸ்" என்று மகள் சிரித்தாள். வாஸ்தவம்தான். எல்லாம் எங்கோ செய்து, எங்கோ பூட்டி வருகிறது. இன்று யாரும் ஊர் கேட்பதில்லை.

என் கைதான் பழக்கத்தை விடவில்லை. கவிழ்க்கும்போதெல்லாம் அந்த "சரிண்ணே" காதில் விழுகிறது. அன்று போனில் விஷயத்தைத்தான் சொன்னேன். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை.