இராசாத்தியும் அடித்தட்டு வால்வும்

இராசாத்தி படகின் அடித்தட்டுக்குள் குப்புறப் படுத்து வால்வைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். வெளியே தெரிவது இரண்டு குதிக்கால்கள்தான். இயந்திரம் சூடேறாமல் இருக்க வாவித் தண்ணீரை உள்ளே எடுத்துவிடும் பழைய பித்தளை வால்வு அது. படகின் அடியில் துளைபோட்டுப் பொருத்தியது. உடைந்தால் படகு துறையிலேயே தாழ்ந்துவிடும்.

ஓட்டுவது புருஷன் கதிர்காமத்தம்பி. கீழே இறங்குவது இவள். "அவர்ர வயிறு உள்ள போகாதுகா. போனா வெளிய வராது," என்று துறைக்கே கேட்கச் சொல்வாள். அவரும் சிரிப்பார், பாவம்.

தினமும் அசைக்காவிட்டால் உப்பும் களிம்பும் பிடித்து வால்வு இறுகிவிடும். சுற்றிவளைப்பு என்று ஆமி துறையை மூடியதில், மாதக்கணக்காக ஒருவரும் படகுப் பக்கம் போகவில்லை. போன கிழமைதான் துறையைத் திறந்தார்கள். அன்றே, வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வயல்வட்டையில் விதைக்க விதைநெல்லோடு சனம் வந்து நின்றது. மழை இறங்குமுன் விதைக்காவிட்டால் இந்தப் போகம் போச்சு. வால்வோ அசையவில்லை.

கதிர்காமத்தம்பி சுத்தியலோடு வந்தார். "அத அங்கால வையுங்க! உடைச்சா புது வால்வு ஆரு தருவான், ஆமிக்காரனா?" என்று சீறினாள். கிரீஸை ஆமி சோதனைச்சாவடி தாண்ட விடாத காலம். காத்தான்குடி இறைச்சிக்கடையில் வாங்கி உருக்கிய ஆட்டுக்கொழுப்புத்தான் அவளுடைய கிரீஸ். தேங்காயெண்ணெய் என்றால் காய்ந்து பிசினாகிவிடுமாம். சுடுநீரில் தோய்த்த சாக்கை வால்வைச் சுற்றிக் கட்டினாள். மரக்கட்டையால் சுற்றிவரத் தட்டினாள். பிறகு கைபிடியை இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, இளக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்தாள். "கோவிச்சிக்கிட்டுக் கிடக்கு. அடிச்சா இன்னும் கோவிக்கும்." மதியத்துக்குள் கைபிடி திரும்பியது. வால்வின் தண்டைச் சுற்றிக் கொழுப்பைத் தேய்த்துவிட்டாள்.

கரையில் விதைநெல்லோடு நின்ற பெரியவர் கோணாமலைக்கு மனம் கேட்கவில்லை. "திறந்திற்று, சரி புள்ள. நடு வாவிக்க மூடாட்டி?" மற்றவர்களும் தலைமூட்டையை இறக்கவில்லை. நியாயமான பயம்தான்.

இராசாத்தி மறுபடி அடித்தட்டுக்குள் இறங்கினாள். வால்வில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயை இழுத்துக் கழற்றினாள். தண்ணீர் குபுகுபுவென்று படகுக்குள் பாய்ந்தது. பெண்கள் "ஐயோ!" என்று அலறினார்கள். கைபிடியைத் திருப்பினாள். ஒரு சொட்டு இல்லை.

குழாயை மாட்டிவிட்டுக் கரைக்கு வந்தாள். தன் வீட்டு விதைநெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், வால்வுக்கு நேர் மேலே, தண்ணீர் வந்தால் முதலில் நனையும் பலகையில் வைத்தாள்.