பம்ப் மெக்கானிக்கின் குடலும் வீங்கிய கன்னமும்

பம்ப் மெக்கானிக் கையுறை மாட்டிக்கொண்டு, டப்பாவின் மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது அன்று காலை அவர் வயிற்றிலிருந்து வந்தது. முகம் சுளிக்க ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

வேலையை விட்டபின் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெண்தான், ஆய்வுக்கு அவ்வப்போது மலம் தரச் சொல்லிக் கூப்பிட்டாள். குடலில் ஒரு வகை பாக்டீரியா ஒரு பொருளைப் பாதி செய்து வெளியே தள்ளுமாம். இன்னொரு வகை அதை உள்ளே இழுத்து, பாலிஅமைன் என்ற வேதிப்பொருளாகச் செய்து முடித்து வெளியே விடுமாம். குடல் சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அது உதவும். அந்த இரண்டாவது வகை இவரிடம் ஏராளம் என்றாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கினார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்தினது போதாதுன்னு வயித்துக்குள்ளயும் பம்ப் போட்டாச்சா?" என்றாள் அவள்.

ஆய்வுக்கு நிபந்தனை இரண்டு: ஆன்டிபயாடிக் கூடாது, வழக்கமான சாப்பாட்டை மாற்றக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்தது. பல் டாக்டரிடம் போனால் மாத்திரை தருவார். மாத்திரை போட்டால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். அதனால் வாயே திறக்கவில்லை. வீங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்தார். பசியில்லை என்று சொல்லிக் கஞ்சி மட்டும் குடித்தார். சீழைப் பொத்தி வைப்பது சுத்த முட்டாள்தனம். அது கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைக்கும்.

காய்ச்சல் வந்த அன்று மாலை மனைவி அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டா என்னைத் தூக்கிடுவாங்க. என்கிட்டதான் அது நிறைய இருக்காம்," என்றார்.

"ஒரு வாரமா கஞ்சியைத் தவிர என்ன உள்ளே போச்சு? எப்பவும் சாப்பிடறதைச் சாப்பிடணும்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல? கஞ்சி குடிச்ச வயித்தைக் கொடுத்து யாரை ஏமாத்தறீங்க?"

கஞ்சியும் நிபந்தனையை மீறியதுதான் என்று அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பல் டாக்டர் சீழை வடித்து மாத்திரை கொடுத்தார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அவரே போன் செய்தார். வாய் கோணியிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரையைச் சொன்னார், கஞ்சியையும் சொன்னார். இந்த வாரம் தந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.