சுவரில் குத்தியிருந்த பச்சை

சீனியம்மாளைப் பற்றிக் கேட்டால் எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் பாதிப் பேர் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும். அங்கே ஸ்கிரீன் பிடிக்கிற மயிலாத்தாள் நான் சொல்கிறேன், அந்தத் திமிர் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கும் அவள் மடிக்கிற டேபிளில்தான் நின்றிருப்பாள்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். டீ-சர்ட் மடிப்பதில் ஆரம்பித்து, கலர் கலக்கும் அறைக்குள் போன முதல் பெண். பொம்பளை கலக்கினால் கலர் நிற்காதா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனாள். போனதைவிட அங்கே நிலைத்தது பெரிய பாடு. ஒரு வாளி தவறட்டும் என்று காத்திருந்தார்கள்.

போன ஆடியில் அது வந்தது. கறுப்பு டீ-சர்ட், நெஞ்சில் மினுமினுக்கும் பொன்வண்டு. சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸ் ஆபீஸ் சுவரில் குண்டூசியால் குத்தியிருந்தது. பச்சை வண்டு. அதை யாரும் தொடக் கூடாது. வண்டுக்குக் கலக்கும் பவுடரோ எங்களுக்குப் புதுசு. கலக்கும்போது வெறும் பால் நிறம், துணியில் காய்ந்த பிறகுதான் கலர் தெரியும்.

மேனேஜர் வேல்குமார் செக்கிங் டேபிள் ஓரத்தில் வந்து நின்றார். கண்ணுக்கு நேர் கீழே கிடந்த வண்டெல்லாம் பச்சை, தள்ளிக் கிடந்ததெல்லாம் ஊதா. இரண்டடி நகர்ந்து பார்த்திருக்கலாம். மனுஷன் நகரவில்லை.

"ஏனுங்கக்கா, ரெண்டு வாளியும் ரெண்டு விதமா கலக்கிப்போட்டீங்களே. எல்லாரு முன்னாலயும் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு மடிக்கிற டேபிளுக்கே போயிருங்க."

கழுத்தை அறுத்தாலும் எங்கள் ஊரில் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். சீனியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் காரணம் தெரியாதே.

"ஒரே கலவை சார். தப்புன்னு என் வாயால வராது."

இங்கே வேலைக்கு வரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வது வழக்கம். ஆபீஸுக்குள் போவதென்றால் அதைக் கழற்றிவிட வேண்டும். அவள் பழைய சட்டையைக் கழற்றி எறிந்தாள். வண்டு அடித்து ஓட்டை விழுந்த டேமேஜ் பீஸ் ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டினாள். வேல்குமார் ஆபீஸில் போய் நாற்காலியில் உட்காரும்முன் பின்னாலேயே நுழைந்தாள். நாங்கள் வாசலில் முண்டியடித்தோம்.

"நான் பண்ண தப்பப் போட்டுக்கிட்டு நிக்கேன். நல்லாப் பாருங்க."

நேராக நின்றபோது வண்டு பச்சை. கோபத்தில் எங்கள் பக்கம் திரும்பினாள், அவருக்கு ஊதா. மறுபடி அவர் பக்கம் திரும்பினாள், பச்சை. வேல்குமார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இந்தக் கோளாறைத்தான் தானும் சொல்வதாகவும், சுவரில் இருப்பது எப்போதும் பச்சைதான் என்றும் சொன்னார்.

"அப்ப அத எறக்குங்க."

"அதத் தொடக் கூடாதுங்கக்கா."

அவளே பிடுங்கினாள். குண்டூசி தெறித்து விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்தாள், பச்சை. சாய்த்தாள். மாதக்கணக்கில் அசையாமல் இருந்த அந்தப் பச்சையும் ஊதாவாகிவிட்டது.

பவுடர் விற்ற ராபினுக்கு அப்புறம்தான் போன் போட்டார்கள். முதலிலேயே போட்டிருந்தால் என்னவாம்? அந்தப் பவுடரில் சாயமே இல்லை என்றான் ராபின். எல்லாம் பொடிச் செதில், அதன்மேல் மிக மெல்லிய பூச்சு. பூச்சின் மேற்புறத்தில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்புகிறது, அடிப்புறத்தில் பட்டுக் கொஞ்சம். ஒளி அலைதானே. இரண்டு அலையும் சேரும்போது மேடும் மேடும் ஒத்துப்போகிற நிறம் ஓங்குகிறது, மேடும் பள்ளமும் மோதுகிற நிறம் அழிந்துபோகிறது. சாய்த்தால் ஒளி போகும் வழி மாறுகிறது. பச்சை அடங்கி, அதைவிடக் குட்டை அலையான ஊதா எழும்புகிறது. மழை நாளில் ரோட்டில் சிந்திய ஆயிலில் வண்ணம் ஓடுவதும் இதே சங்கதிதான். பையர் கேட்டதே இந்த வித்தையைத்தான் என்றும் சொன்னான்.

சரிங்கக்கா, போய் வேலையைப் பாருங்க என்றார் வேல்குமார். அவள் அசையவில்லை.

"டேபிள்ல வச்சு எல்லாரு முன்னாலதான சொன்னீக. அங்க வந்து சொல்லுங்க."

வந்தார். அதே டேபிள் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு உங்கள் மேல் இல்லை என்று முணுமுணுத்தார். நெஞ்சில் வண்டோடு சீனியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பின்னால நிக்கவுகளுக்குக் கேக்கல சார்."

அவர் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார்.