பூச்சியத்தின் மேல் ஒட்டிய பிள்ளையார்

யாரையும் இலேசில் நம்பாத ஆள் நான். பால் போத்தலின் திகதியை வாங்கும்போது ஒரு தரம், வீட்டில் இன்னொரு தரம் பார்ப்பேன். கடைக்குள் குடையோடு வருகிறவர்களைக் கண்ணாலேயே பின்தொடர்வேன். "நீங்கள் கோயிலிலையும் செருப்பைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் கும்பிடுறியள்" என்பாள் மனிசி. அதில் பொய் இல்லை.

லண்டனில், டூட்டிங்கில் என் மரக்கறிக் கடையின் பின்னறையில் ஒரு தராசு நின்றது. கீழே இரும்புத் தட்டு, மேலே மணிக்கூடு மாதிரி வட்ட முகம், ஒரு முள். வாங்க வருகிறவர்களுக்கு நிறுக்கிற தராசு முன்னால் இருந்தது. அதைக் கவுன்சில் ஆட்கள் வந்து சோதிப்பார்கள், அதில் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. பின்னறைத் தராசை ஒருத்தரும் சோதிப்பதில்லை. அது மொத்தக் கடைகளிலிருந்து வருகிற மூட்டைகளை நான் சோதிப்பதற்கு.

கடை தொடங்கின வருசம் இருபது கிலோ என்று வந்த வெங்காய மூட்டைகள் பத்தொன்பது கிலோதான் இருந்தன. தராசை வாங்கிவைத்துச் சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகு எல்லாம் சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒரு நாள் தராசின் பின்பக்கத் திருகாணியைத் திருகி, முள்ளைப் பூச்சியத்துக்கு ஒரு கிலோ பின்னால் நிற்கவைத்தேன். இனி எந்த மூட்டையையும் ஒரு கிலோ குறைத்துத்தான் காட்டும். லொறிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே குறையை நிரப்பிவிட்டுப் போவான். ஏமாற்ற வருகிறவனை முந்திக்கொள்வது ஏமாற்று இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

வெறும் தட்டில் முள் பின்னால் நிற்பது தெரியக்கூடாதே. அதற்காகப் பூச்சியம் இருந்த இடத்தில், கண்ணாடிக்கு மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஆயுத பூசைக்குத் தராசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம்தான் என்பதால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. சாமி படத்தை உரித்துப் பார்க்கிற துணிவு எந்தத் தமிழ் லொறிக்காரனுக்கு வரும்?

இரண்டாயிரத்து ஒன்பதில் என் சந்தேகம் முற்றிப்போயிருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும், ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, கடையைப் பூட்டிவிட்டுப் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்றோம். பிறகு எல்லாம் முடிந்தது என்றார்கள். யார் சொன்னதை நம்பினோம், யார் எதை மறைத்தார்கள் என்று கடைக்கு வந்த எங்கள் ஆட்களே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கடைக்கு மேலே ஓர் அறை காலியாகக் கிடந்தது. இந்த நேரத்தில் எங்கள் ஆள் வேண்டாம் என்று நினைத்து, ஆனி மாதம் அதை ஒரு பிரேசில்காரனுக்கு வாடகைக்குக் கொடுத்தேன்.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. காது இரண்டும் பிசைந்து ஒட்டின கோதுமை மா மாதிரி இருந்தன. அந்த உடம்புக்கு அவ்வளவு மெதுவான குரலை நான் எதிர்பார்க்கவில்லை. அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்வதாகவும், ரயில் பாலத்துக்குக் கீழே ஓர் இடத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னான். நான் தலையாட்டினேன், நம்பவில்லை.

நானும் மனிசியும் பக்கத்து மோர்டனில் இருந்தோம். காலையில் கடை திறக்க வந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சந்தேகம் காத்திருக்கும். ஒரு நாள் அவன் கண் வீங்கியிருக்கும். இன்னொரு நாள் என் கடையிலேயே இரண்டு கிலோ உப்பு வாங்குவான். தனி ஆளுக்கு எதற்கு இரண்டு கிலோ உப்பு? பெரிய கறுப்புக் குப்பைப் பைகளை ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு மேலே போவான், ஆனால் குப்பை வெளியே வராது. சில நாட்கள் ஒன்றும் சாப்பிடமாட்டான். மனிசி கொடுத்த இடியப்பத்தைக் கைகூப்பி வேண்டாம் என்றான்.

"விரதம் பிடிக்கிறார் போலை" என்றாள் மனிசி.

"உவனோ? விரதமோ?" என்றேன்.

ஆவணியில் ஒரு பகல், அவன் வெளியே போன நேரம், பொயிலர் பார்க்கிற சாட்டில் என்னிடம் இருந்த மற்றத் திறப்பால் அறையைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், அலுமாரியைக் கிண்டினேன். குளியலறையில் ஒரு சின்னத் தராசு. சுவரில் என் கடையில் வருசப் பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டர். நாளுக்கு ஒரு தாள் கிழிக்க வேண்டிய கலண்டர் அது. அவன் ஒன்றையும் கிழிக்கவில்லை. பழைய தாள்களை மடித்து உடுப்புக் கிளிப்பால் பிடித்திருந்தான். அவன் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தாளிலும், ராகு காலத்துக்குப் பக்கத்தில், ஓர் எண். எழுபத்து நாலு புள்ளி இரண்டு. எழுபத்து மூன்று. எழுபத்தைந்து. தராசு, பைகள், எண்கள். என் கடைக்கு மேலேயே கஞ்சா நிறுத்து விற்கிறான் என்று முடிவுகட்டினேன்.

பொலிசுக்குப் போகத்தான் நினைத்தேன். மனிசி விடவில்லை. "முதல்லை அந்த மனிசனிட்டைக் கேளுங்கோ." பின்னேரம் அவன் வந்ததும் கேட்டேன். அறைக்குள் போனதை மறைக்காமல், கொஞ்சம் திமிரோடுதான் கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "பாஸ், அந்த எண் நான்தான்" என்றான்.

அன்று ஒரு பெட்டி கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரைகுறை ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னான். அவனுடைய ஊரில் மல்யுத்த மண்டபத்தில் மட்டும்தான் மின்விசிறி இருந்ததாம். வெயிலுக்குப் பயந்து உள்ளே போனவன் மல்யுத்தம் பழகிவிட்டான். பிறகு கூண்டுக்குள் சண்டை. முதல் சண்டைகள் சந்தைக் கட்டடத்தில், மீன் வாசத்தோடு. இரண்டு தரம் ஜப்பானுக்குப் போனான். அங்கே சனம் சத்தமே போடாமல் பார்த்ததுதான் அடியைவிடப் பயமாக இருந்ததாம். முழங்கால் கிழிந்து இரண்டு வருசம் போனது. இப்போது ஐப்பசியில் லண்டனில் ஒரு சண்டை. எழுபது கிலோ எடைப் பிரிவு, முதல் நாள் நிறுக்கும்போது அதற்கு மேலே போகக்கூடாது. ஒரு பெரிய அமெரிக்கச் சண்டைக் கொம்பனியின் ஆள் பார்க்க வருகிறார், வென்றால் எடுப்பார். வருசக் கடைசியில் விசா முடிகிறது. "முப்பத்து மூன்று வயது, பாஸ். இதற்குப் பிறகு ஒருவரும் வந்து பார்க்கமாட்டார்கள்."

எனக்கு அதிலும் சந்தேகம். எங்களை இங்கே கொண்டுவந்த ஏஜென்சிக்காரர்களும் இப்படித்தான், 'நாளைக்கு ஆள் வருவார்' என்பார்கள். மாதக்கணக்கில் ஒருவரும் வரமாட்டார்கள்.

குளியலறைத் தராசு ஒரே காலையில் மூன்று எடை காட்டுகிறதென்று அவன் அலுத்துக்கொண்டான். பின்னறைப் பக்கம் பார்த்தான். "உங்கள் பெரிய தராசில் நிற்கலாமா? கடைத் தராசு நம்பலாம்."

நான் சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் திருகாணி என் நினைவிலேயே இல்லை. அந்தத் தராசு எனக்கு மூட்டைக்கும் லொறிக்காரனுக்கும் உரியது. அதில் ஒரு மனிதன் ஏறி நிற்பான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து கடை திறந்ததும் கீழே வருவான். "குட் மோர்னிங், பாஸ்." மனிசி கும்பிடுவதைப் பார்த்தோ என்னவோ, விரலால் பிள்ளையாரைத் தொட்டு நெஞ்சில் வைப்பான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவான். முதல் நாளே குளியலறைத் தராசைவிட ஒரு கிலோ குறைவாகக் காட்டியது. "உங்கள் தராசுக்கு என்னில் விருப்பம்" என்று சிரித்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவன் வாழைப்பழப் பெட்டிக்குக் கிட்டப் போகிறானா என்பதில்தான் என் கண் இருந்தது.

ஐப்பசியில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேரம் எடை பார்ப்பார்கள், அடுத்த நாள் சண்டை. முதல் நாள் முழுக்க உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கிடந்து, குப்பைப் பைகளை உடுத்துக்கொண்டு ஓடி, போத்தலில் துப்பித் துப்பி உடம்புத் தண்ணீரை இறக்கியிருந்தான். கன்னம் உள்ளே போய், உதடு வெடித்து, படியில் கைபிடித்து இறங்கி வந்தான். அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பின்னறையில் வெங்காயம் இறக்கிக்கொண்டு நின்றான் லொறிக்காரன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டு லண்டன் வந்த எங்கள் ஆள். நாலு வருசமாக மூட்டைக்கு மூட்டை என்னோடு தர்க்கப்படுகிறவன். பிரேசில்காரன் பிள்ளையாரைத் தொட்டான், ஏறினான். முள் ஆடி நின்றது. அறுபத்தொன்பது புள்ளி ஆறு. அவன் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தான்.

லொறிக்காரன் சிரித்தான். "அண்ணை, உவரையும் உந்தத் தராசிலையே நிறுக்கிறியள்? பாவம், எங்கட மூட்டை மாதிரி உவரும் ஒரு கிலோ குறையப் போறார்."

அப்போதுதான் எனக்குத் திருகாணி நினைவுக்கு வந்தது. எழுபது புள்ளி ஆறு. அவன் இன்னும் அறுநூறு கிராம் குறைக்க வேண்டும். பின்னேரம்வரை நேரம் இருந்தது. ஒரு சுடுதண்ணீர்க் குளியல் போதும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் லொறிக்காரன் இரண்டு முழத் தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருசத்து மூட்டைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. டூட்டிங்கிலிருந்து மோர்டன்வரை ஒவ்வொரு கடையிலும் கதை போய்விடும்.

"நாலு மூட்டைதானே? இறக்கிப்போட்டுப் போம்" என்றேன்.

பிரேசில்காரனுக்கு நாங்கள் பேசினது விளங்கவில்லை. "நானூறு கிராம் மிச்சம், பாஸ்" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. "ஒரு வாழைப்பழம்? கொஞ்சம் தண்ணீர்?" நான் கப்பல் வாழைச் சீப்பிலிருந்து ஒரு பழத்தை முறித்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் தோலில் ஒட்டினதுகூட விடாமல் சாப்பிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரும் குடித்தான். லொறி போன பிறகும் அவன் கால் மணித்தியாலம் கடையில் இருந்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. லொறிக்காரன் போய்விட்டான் என்பதால் இப்போது சொன்னால், முதலே ஏன் சொல்லவில்லை என்று பிரேசில்காரன் கேட்பான். எல்லாத்துக்கும் சாட்டுக் கண்டுபிடிக்கிற மூளை என்னுடையது. அங்கே அவர்களுடைய தராசும் எப்படியோ, சண்டையே முதலில் நடக்குமோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டு தக்காளியை அடுக்கினேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு அவன் திரும்பி வந்தான். மனிசிதான் முதலில் கண்டாள். கேட்கப் பயந்து என்னைப் பார்த்தாள். தொள்ளாயிரம் கிராம் கூடவாம். ஒரு மணித்தியாலம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். குப்பைப் பைகளை உடுத்துக்கொண்டு நடைபாதையில் கயிறு துள்ளினானாம், நானூறு இறங்கியதாம், பிறகு கால் மடிந்து விழுந்தானாம். டொக்டர் போதும் என்றுவிட்டார். மற்றச் சண்டைக்காரன் கூடின எடையோடு மோத மறுத்துவிட்டான். அமெரிக்காவிலிருந்து ஆள் உண்மையாகவே வந்திருந்தார். கை கொடுத்துவிட்டுப் போனாராம்.

"வாழைப்பழம்" என்றான் அவன். "நான் பொறுத்திருக்க வேண்டும்."

"வாழைப்பழம் பாரமான சாமான்" என்றேன் நான். இந்தக் கையாலேயே கொடுத்தவன், இந்த வாயாலேயே சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

அடுத்த நாள் கடையைப் பூட்டும் முன் திருகாணியைப் பழையபடி திருப்பினேன். பிள்ளையாரை மெதுவாக உரித்து, பூச்சியம் தெரியும்படி ஓரமாக ஒட்டினேன். பசை ஒட்டின வட்டம் மட்டும் கண்ணாடியில் மங்கலாக நின்றது. திங்கட்கிழமை அவன் வழக்கம்போல வந்தான். விரல் பழைய இடத்துக்குப் போய், கொஞ்சம் நின்று, ஓரத்தில் இருந்த பிள்ளையாரைத் தொட்டது. ஏறினான், பார்த்தான், இறங்கினான். "ஓகே" என்று மட்டும் சொன்னான். அவன் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, அதை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் வந்தான். மார்கழி நடுவில், விசா முடிகிற கிழமை, ஊருக்கு வெளிக்கிட்டான். அங்கே பழைய மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னான். இனிச் சண்டை இல்லை. மனிசியைக் கும்பிட்டான், இடியப்பப் பார்சலை இந்த முறை வாங்கிக்கொண்டான். என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அறையைத் துப்புரவாக்கப் போன மனிசி கலண்டரோடு கீழே வந்தாள். "இஞ்சை பாருங்கோ, என்னவோ வெட்டி வெட்டி எழுதியிருக்கிறார்."

கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தாள்களைப் புரட்டினேன். ஆவணியில், எங்கள் தராசில் ஏறின முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு தாளிலும் எழுதியிருந்த எண்ணைப் பிறகு ஒரே இருப்பில் சிவப்புப் பேனையால் வெட்டி, ஒரு கிலோ கூட்டிப் பக்கத்தில் எழுதியிருந்தான். ஒரு நாளையும் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைத் தாளில் அறுபத்தொன்பது புள்ளி ஆறு வெட்டப்பட்டு, எழுபது புள்ளி ஆறு என்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வெட்டு இல்லை.

"என்னப்பா இது?" என்று மனிசி கேட்டாள்.

நான் தாள்களைத் திரும்ப மடித்துக் கிளிப்பைப் போட்டேன். பிள்ளையார் இடம் மாறினதைக் கண்ட அந்தத் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு மாதம், எல்லாம் தெரிந்துகொண்டே, அவன் ஒவ்வொரு காலையும் கீழே இறங்கி வந்து எனக்குக் குட் மோர்னிங் சொல்லியிருக்கிறான்.