சூடு தெரியாத கை

கொதிக்கிற பருப்புச் சட்டியை இடக்கையாலேயே பிடித்து இறக்கி வைத்துவிட்டு, வலக்கையால் எண்ணெயில் பணியாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் பொன்னுத்தாயி. பிடிதுணி எடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் காரைக்குடிக் கல்யாண வீடுகளில் சமையலுக்கு அவளைத்தான் முதலில் கேட்பார்கள். வெறுங்கையால் சட்டி இறக்குகிறவள் என்று தனிப் பேரே உண்டு.

"இவ கையில இருக்கது தோலா, தகரமா?" என்றாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு.

"உன் மண்டை மாதிரிதான். எதுவும் உறைக்காது."

வீட்டுக்காரி சிகப்பி ஆச்சியே சிரித்துவிட்டாள். ஆச்சியின் மாமியாருக்கு ஊசி போட வந்து, கை கழுவ அடுப்படிக்குள் நுழைந்த நர்ஸ் அருளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பொன்னுத்தாயியின் இடது சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

"இது எப்பச் சுட்டுச்சு?"

பொன்னுத்தாயி குனிந்து பார்த்தாள். "அட, ஆமா."

"சாயங்காலம் செக்காலை ஆஸ்பத்திரிக்கு வா."

"அது பெருவியாதிக்காரக வர்ற எடமில்ல, சிஸ்டர்?"

"இன்னைக்குக் கூட்டம் இருக்காது. வா."

போனாள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு படும் இடத்தை விரலால் காட்டச் சொன்னாள் அருளம்மாள். உள்ளங்கை, கட்டைவிரல் எல்லாம் சரியாகக் காட்டினாள். சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அருளம்மாள் ஒரே சீராகத் தொடுவதைக் கவனித்து வைத்திருந்ததால், குத்துமதிப்பாக அங்கேயும் காட்டினாள்.

"நான் இன்னும் தொடவே இல்லியே" என்றாள் அருளம்மாள்.

பிறகு இரண்டு குப்பிகளை அந்த விரலில் வைத்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கண்ணைத் திறந்தால் ஒன்றில் ஆவி பறந்தது.

டாக்டர் வந்து முழங்கை நரம்பைத் தடவினார். கயிறாகத் தடித்திருந்தது. தேமல் என்று அவள் விட்டுவைத்திருந்த படையையும் பார்த்தார். தொழுநோய்தான், ஆனால் மற்றவருக்கு ஒட்டும் வகையில்லை என்றார்.

"வெளிய தெரிஞ்சா என் கையால ஒருத்தரு சோறு திம்பாகளா? மருந்த வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துருங்க, சிஸ்டர்."

"வருசக்கணக்குல திங்கணும். எத்தன நாளைக்கு நான் ஒளிச்சுக் கொண்டாருவேன்? மருந்த விட்டா வெரலு மடங்கிப் போகும். மடங்குன கைய எங்குட்டு ஒளிப்ப? நாளைக்கு மருந்து குடுக்குற நாள், வந்துரு."

மறுநாள் காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், சிகப்பி ஆச்சியிடம் அவளே போய்ச் சொன்னாள். ஆச்சி அவள் இடக்கையைப் பார்த்தாள்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"இன்னைக்குத் தெரியாது, ஆச்சி. பொறவு யாராச்சும் சொன்னா என்னைய வாசலுக்குள்ள விட மாட்டீக."

"அருளம்மா ஒட்டாதுன்னு சொல்லுச்சா?"

"டாக்டரே சொன்னாரு."

"சரி. மக கல்யாணத்துக்கு வேற ஆளு பாக்குறேன். சம்பந்தி வீட்டு வாய என்னால மூட முடியாது. எங்க சாப்பாடு எப்பவும்போல நீதான்."

பிழைப்பில் பாதி போய்விட்டது. கல்யாணச் சமையலில்தான் அவள் பேரும் வரும்படியும். பொன்னுத்தாயி அடுப்பை மூட்டினாள். இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டு, செக்காலைக்கு நடந்தாள். ரோட்டோரம் வரிசை நின்றது. பாதிப்பேர் முகம் தெரியாமல் முக்காடு போட்டிருந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசியில் போய் நின்றாள்.