எவ்வளவு ஆங்கிலம் தெரியும்?

எண்பதுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து மனோர் பார்க்கில் குடியிருந்தபோது, அருகிலிருந்த கல்லூரியில் மாலை ஆங்கில வகுப்புக்குப் பதியப் போனேன். மூன்றாம் படிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளூர்க் கவுன்சில் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை வேண்டும். யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் பதினான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான்.

பதிவு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று கேட்டாள்.

"எ லிட்டில்" என்றேன்.

அதை அப்படியே படிவத்தில் எழுதி, முதலாம் படிக்குச் சீட்டுத் தந்தாள். வீட்டில் மனைவி சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, சோறு போடேக்க சொல்லுற மாதிரி 'கொஞ்சம் காணும், போதும்' எண்டு சொன்னனீங்களோ?"

"பின்னை, நிறையத் தெரியும் எண்டு என்ரை வாயாலை சொல்லுறதோ?"

"எங்கடை வீட்டிலை எண்டால் நாங்கள் இன்னும் ரெண்டு அகப்பை போடுவம். அவள் சாப்பாட்டுக் கோப்பையையே எடுத்துக்கொண்டு போட்டாள்!"

முதல் வகுப்பில் ஆசிரியை மேசையில் நான்கு முட்டைகளையும் பாதி தீர்ந்த அரிசிப் பை ஒன்றையும் வைத்தாள். முட்டையை எண்ணலாம், 'ஹவ் மெனி' என்று கேட்க வேண்டும். அரிசியை எண்ண முடியாது, அதற்கு 'ஹவ் மச்'. எல்லாம் சரிதான். அரிசியைக் காட்டி என்னிடம் கேட்டபோது, அவள் எதிர்பார்த்தது மறுபடியும் அதே 'எ லிட்டில்'. பை ஒரு பவுண்டு நிறை, பாதி போய்விட்டது, ஆகவே மிஞ்சியது ஏறக்குறைய அரைப் பவுண்டு என்று முழு வாக்கியத்தில் சொன்னேன். சிரித்தாள். மேலும் இரண்டு கேள்விகள் கேட்டாள். உங்களுக்கு இங்கே வேலையில்லை, அலுவலகத்துக்குப் போங்கள் என்றாள்.

அடக்கமாகச் சொன்னதற்கு நான் வெட்கப்படவில்லை. அதற்காக ஒரு வருடத்தை முதலாம் படியில் கொடுக்கவும் தயாராக இல்லை.

அலுவலகத்தில் அதே பெண். படிவத்தைத் திருப்பிக் காட்டி, நீங்கள் சொன்னதுதானே என்றாள்.

"நான் சொன்னதுதான். தன்னைத் தானே புகழ்வது எங்களிடம் வழக்கமில்லை. உங்கள் வழக்கப்படி இப்போது சொல்கிறேன், நிறையத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மூன்றாம் படியில் அதிகம் இடமில்லை என்றாள்.

"எத்தனை?"

பட்டியலைப் புரட்டினாள். "இரண்டு."

"ஒன்றில் என் பெயரை எழுதுங்கள்."

அடுத்த வாரம் வரச் சொன்னாள். அடுத்த வாரம் ஓர் இடமும் இராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர், ஒருவர் செருமினார். நான் நகரவில்லை. கடைசியில் பேனாவை எடுத்தாள். என் பெயர் நீளமானது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, சுருக்கி எழுதலாமா என்று கேட்டாள்.

"ஏலாது" என்று தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த எழுத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்.