சமபலம் என்று அச்சடித்தவர்

தர்மபுரியில் சின்ன அச்சகம் வைத்திருந்த பெரியநாயகத்துக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கம் இல்லை. ஹாக்கி பைனலுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பின்பக்கத்தில் எந்த அணிக்கு எதில் பலம் என்று அவரே எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் ஊர் பந்தயம் பேசும். அதற்காக இரண்டு அணியின் பயிற்சியையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

1985இல் அரூரும் பென்னாகரமும் மூன்று ஆட்டப் பைனலுக்கு வந்தன. இரண்டு அணியும் ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்திருந்தன. அரூர் பதினெட்டு கோல், பென்னாகரம் பதினேழு. நேருக்கு நேர் மோதிய இரண்டு முறையும் டிரா. அரூருக்கு முன்வரிசை வேகம். பென்னாகரத்துக்குக் கோல்கீப்பர் முனிராஜ்.

அரூர்க்காரர்கள் இவரைக் கண்டதும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பென்னாகரத்தில் வேறு மாதிரி. முனிராஜுக்கு இடது பக்கம் வந்த பந்து பெரும்பாலும் கோலுக்குள் போனது. ஐந்து பந்தில் நான்கு.

'நான் பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே விடுகிறான். அரூர் நம்பி ஏமாற வேண்டும் என்று பார்க்கிறான்' என்று பெரியநாயகம் நினைத்தார்.

முனிராஜ் சேலம் போகும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். அது நடிப்புதானா என்று பார்க்க, மறுநாள் காலை பெரியநாயகம் அந்தப் பஸ்ஸில் ஏறி, எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்க முனிராஜ் கழுத்தையே முழுதாகத் திருப்பினான். தொப்பூர் மலை இறக்கத்தில், இடது ரோட்டோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் அவன் கண்ணில் படவே இல்லை. கண்டக்டர் விடாமல் விசில் ஊதிய பிறகுதான் வண்டியை வலப்பக்கம் ஒடித்தான்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் பெரியநாயகம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வலது கண்ண மூடு. இது எத்தன வெரலு?"

முனிராஜ் முகம் சுருங்கியது. "யாருங்க உங்கள அனுப்பிச்சது? அரூர்க்காரங்களா?"

"எவனும் அனுப்பல. மூடு."

அவன் மூடவில்லை. தணிந்த குரலில் சொன்னான்: "கோடையில பந்து பட்டுச்சுங்கண்ணா. அந்தக் கண்ணுல வெறும் வெளிச்சந்தான் தெரியுது. வெளிய சொல்லிறாதீங்க. மூணு ஆட்டம் முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அதுக்குள்ள தொப்பூர எத்தன தடவ ஏறி எறங்குவ? பின்னால அறுவது பேரு உக்காந்திருக்காங்க. இப்பவே போ. போவலீன்னா உங்க மொதலாளிகிட்ட நானே சொல்லிருவேன்."

முனிராஜ் அவரை வெறுப்போடு பார்த்தான். பிறகு வயிற்று வலி என்று சொல்லிப் பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நோட்டீஸில் பெரியநாயகம் 'இரு அணியும் சமபலம்' என்று மட்டும் அச்சடித்தார். கோல்கீப்பர் பற்றி ஒரு வரியும் இல்லை. புதுக் கோல்கீப்பரோடு இறங்கிய பென்னாகரம் முதல் ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த இரண்டையும் தோற்றது. கடைசி ஆட்டத்தில் வித்தியாசம் ஒரே கோல்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் தனியாகப் பேசியதைக் கண்டக்டர் பார்த்திருந்தார்; அது ஊருக்குள் பரவியது. பென்னாகரம் அணியின் செயலாளர் மாதேஸ்வரன் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"முனிராஜ நீங்க என்னங்க மெரட்டுனீங்க?"

"அவனையே கேளுங்க."

"கேட்டாச்சு. வாயத் தொறக்க மாட்டேங்கறான். உங்க அம்மா பொறந்த ஊரு அரூர்தானுங்களே?"

பெரியநாயகம் அச்சுக் கோக்கும் வேலைக்குத் திரும்பினார். கண் விஷயம் வெளியே போனால் முனிராஜின் பிழைப்பு போய்விடும். அன்றிலிருந்து பென்னாகரத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட அச்சகத்துக்கு வரவில்லை. முனிராஜுக்கு ஆப்பரேஷன் ஆனது, பார்வை பாதிதான் திரும்பியது. இனி ஸ்டீரிங் பிடிக்க முடியாது என்று அவனே முதலாளியிடம் போய்ச் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்தான். வழியில் பெரியநாயகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் அவர் நடந்ததைச் சொன்னார். மனைவி மிக்கேலம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணு ஆட்டமும் முடிஞ்ச பொறவு சொல்லியிருந்தா?" என்றாள்.

"பஸ்ஸுல போறவங்க?"

"அது சரிங்க. பென்னாகரம் உங்க அம்மா ஊரா இருந்திருந்தாலும் அன்னிக்கே அனுப்பியிருப்பீங்களா?"

அனுப்பியிருப்பேன் என்றுதான் அவர் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.